குறை கேட்கப் பிறந்த கம்பெனி

பாலக்கரைப் பிரபாத் ரவுண்டானாவைத் தெரியாத திருச்சிக்காரர் இருக்க முடியாது. நடிகர் திலகம் சிவாஜி கணேசனின் சிலை துணியைப் போர்த்திக்கொண்டு, திறப்பு விழா எப்போது, எப்போது என்று பல வருஷம் காத்து நின்றதே, அதே ரவுண்டானாதான். (கடைசியில் சிலை புத்தூருக்குக் குடிபோய், 2025இல் அங்கேதான் திறக்கப்பட்டது.) அந்த ரவுண்டானாவிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள சந்து ஒன்றில் ஒரு நாள் சாயங்காலம் எதிர்வீட்டு அம்மாள் கையில் இரண்டு காகிதங்களோடு வந்து நின்றார். முகத்தில் கவலை தெரிந்தது.

"கொஞ்சம் இதைப் படித்துப் பார்த்துச் சொல்லுங்கள். பெண்ணுக்கு இரண்டு இடத்திலிருந்து உத்தியோக உத்தரவு வந்திருக்கிறது. ஒன்று, ஆயிரக்கணக்கான பேர் வேலை பார்க்கிற பெரிய கம்பெனி. பஸ் விடுகிறான், சாப்பாடு போடுகிறான். இன்னொன்று, பதினாலே பேர் இருக்கிற கம்பெனி. இவள் அந்தப் பதினாலு பேரோடுதான் போவேன் என்கிறாள். பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கே இருபது பேர் வருவார்கள்! அதை என்ன கம்பெனி என்று நான் சொல்லிக்கொள்வது?"

நேயர்களே, இந்தக் கேள்வி இன்று பாலக்கரையில் மட்டும் கேட்கப்படுவதல்ல. ஸாப்ட்வேர் படித்த பிள்ளையோ பெண்ணோ உள்ள எந்த வீட்டிலும் ஒரு நாள் இது எழும். "மாப்பிள்ளை வீட்டார் கம்பெனி பெயரைக் கேட்டால், சொன்னவுடன் அவர்களுக்குத் தெரிய வேண்டாமா?" என்று அந்த அம்மாள் கேட்டதை அசட்டுக் கேள்வி என்று தள்ளிவிடாதீர்கள். அதில் உலக அனுபவம் இருக்கிறது.

அவருக்கு நான் உடனே யோசனை சொல்லவில்லை. நம் ஊர்க்காரர் ஒருவரின் கதையைச் சொன்னேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன்.

உச்சிப் பிள்ளையாருக்குப் படியேறும்போது பாதி வழியில் தாயுமானவர் சந்நிதி இருக்கிறதல்லவா? பிரசவ வேளையில் தாயார் வந்து சேர முடியாமல் காவிரி வெள்ளம் தடுத்துவிட, தவித்த பெண்ணுக்குச் சிவபெருமானே தாய் வடிவில் வந்து பிரசவம் பார்த்தார் என்பது கதை. சுகப்பிரசவம் ஆனவர்கள் இன்றும் அங்கே வாழைத்தார் கட்டுகிறார்கள். வடமொழியில் அவருக்கு மாத்ருபூதேசுவரர் என்று திருநாமம். அதனால் மாத்ருபூதம் என்று பெயர் கேட்டாலே, "ஓகோ, திருச்சிப் பக்கமா?" என்று கேட்கத் தோன்றும்.

கிரீஷ் மாத்ருபூதம் திருச்சியில் பிறந்தவர். தஞ்சாவூருக்கு அருகே, இன்று சாஸ்த்ரா என்று அழைக்கப்படும் கல்லூரியில் இன்ஜினீயரிங் படித்தார். பிறகு சென்னைச் சர்வகலாசாலையில் நிர்வாகப் படிப்பு. 2001இல் அட்வென்ட்நெட் என்ற கம்பெனியில் சேர்ந்தார். அதுதான் பின்னால் ஜோஹோ என்று பெயர் மாற்றிக்கொண்ட கம்பெனி. அங்கே படிப்படியாக உயர்ந்தார், அமெரிக்காவில் குடியிருந்தார். நல்ல உத்தியோகம், நல்ல சம்பளம். இத்தோடு கதை முடிந்திருந்தால் நாம் பேச ஒன்றுமில்லை.

அமெரிக்க வாசம் போதும் என்று குடும்பத்தோடு சென்னைக்குத் திரும்பினார். தட்டுமுட்டுச் சாமான்களைக் கப்பலில் அனுப்பிவைத்தார். மற்றவையெல்லாம் வந்து சேர்ந்தன. ஆனால் 40 அங்குல டெலிவிஷன் பெட்டி மட்டும் உடைந்து வந்தது! இன்ஷூரன்ஸ் இருந்தது. இருந்து என்ன? கடிதம் எழுதினார், டெலிபோன் செய்தார், பாரம் பூர்த்தி செய்து அனுப்பினார். மாதக்கணக்கில் அலைந்தும் பைசா பெயரவில்லை. கடைசியில், வெளிநாட்டிலிருந்து ஊர் திரும்பும் இந்தியர்கள் கூடிப் பேசுகிற இணைய மன்றம் ஒன்றில் நடந்ததை விவரமாக எழுதிவிட்டார். "இந்தக் கம்பெனியிடம் சாமான் கொடுக்காதீர்கள்" என்று நாலு பேர் அறியச் சொன்னதுதான் தாமதம். மறுநாளே கம்பெனியின் தலைவர் அதே இடத்தில் வந்து மன்னிப்புக் கேட்டார். பணமும் வந்து சேர்ந்தது.

நாமாக இருந்தால் புது டெலிவிஷன் வாங்கிவிட்டு விஷயத்தை மறந்திருப்போம். அவருக்கு வேறு யோசனை ஓடியது. இனிமேல் வாடிக்கைக்காரர் குறை சொல்லும் இடம் கம்பெனியின் டெலிபோன் மட்டுமல்ல, ஊரே கூடும் சந்தையும்தான். அங்கே எழுகிற குரலையும் காதில் வாங்கிக்கொள்ள ஒரு சாதனம் இருந்தால்?

2010இல் இன்னொன்று நடந்தது. வாடிக்கைக்காரர்களின் குறைகளைக் கவனிக்கும் ஸாப்ட்வேரில் பெயர் பெற்ற ஸெண்டெஸ்க் என்ற அமெரிக்கக் கம்பெனி திடீரென்று விலையை ஏற்றியது. அதை உபயோகித்தவர்கள் கொதித்துப் போனார்கள். நியாயமான விலைக்கு யாராவது இதையே கொடுத்தால் வியாபாரம் அவருக்குத்தான் என்று ஒருவர் எழுதியது இவர் கண்ணில் பட்டது. அந்த வருஷம் அக்டோபரில், சக ஊழியராக இருந்த ஷான் கிருஷ்ணசாமியோடு சேர்ந்து ஃபிரெஷ்டெஸ்க் என்ற கம்பெனியை ஆரம்பித்துவிட்டார். இடம், சென்னைக்குத் தெற்கே கீழ்க்கட்டளையில் 700 சதுர அடி. மொத்தம் ஆறு பேர்!

"பதினாலைவிடக் குறைச்சல்" என்றார் எதிர்வீட்டு அம்மாள். கணக்கு அவருக்குச் சரியாக வரும்.

அங்கே என்னதான் செய்தார்கள்?

உங்கள் வீட்டுச் சலவை மெஷின் ஓடாமல் நின்றுவிடுகிறது. கம்பெனிக்கு டெலிபோன் செய்கிறீர்கள். அரை மணி சங்கீதம் கேட்ட பிறகு ஒரு பெண் பேசுகிறாள். ஆதியோடந்தமாகக் கதையைச் சொல்கிறீர்கள். இரண்டு நாளாகியும் ஆள் வரவில்லை. மறுபடி டெலிபோன். இம்முறை ஒரு பையன். "என்ன விஷயம், மேடம்?" என்கிறான். மறுபடியும் முதலிலிருந்து ராமாயணம்! நமக்கு ஆத்திரம் வருவது மெஷின் நின்றதனால் அல்ல. சொன்னதையே திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறதே, அதனால்தான்.

இந்த வியாதிக்குத்தான் அவர்கள் மருந்து செய்தார்கள். கடிதம், டெலிபோன், இணையம் என்று எந்த வழியாகப் புகார் வந்தாலும் அதற்கு ஒரு நம்பர் விழும். அவர்கள் பாஷையில் டிக்கெட். நீங்கள் முன்பு சொன்னது, அதற்கு அவர்கள் சொன்ன பதில், எல்லாம் அந்த நம்பரோடு ஒட்டிக்கொண்டே வரும். யார் எடுத்துப் பார்த்தாலும் பழைய கதை முழுவதும் கண்முன்னே இருக்கும். இத்தனை மணிக்குள் பதில் போக வேண்டும் என்று கெடு உண்டு. கெடு தப்பினால் விஷயம் தானாகவே மேலதிகாரியின் மேஜைக்குப் போய்விடும். குறை தீர்ந்தால்தான் கணக்கு முடியும். இரண்டு பேர் நடத்தும் கடைக்கு ஒரு நோட்டுப் புஸ்தகம் போதும். தினம் ஆயிரம் கடிதம் வருகிற இடத்தில் நோட்டுப் புஸ்தகம் என்ன செய்யும்?

இதை விற்கிற முறை இன்னும் வேடிக்கை. கல்யாணத்துக்கு அண்டா, குண்டான் எல்லாம் நாம் விலைக்கா வாங்குகிறோம்? வாடகைப் பாத்திரக் கடையில் எடுக்கிறோம். அதுபோலத்தான் இதுவும். ஸாப்ட்வேர் அவர்கள் பொறுப்பில் ஓரிடத்தில் ஓடிக்கொண்டிருக்கும். உபயோகிக்கிறவர் தலைக்கு இவ்வளவு என்று மாத வாடகை கட்டினால் போதும். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. விலைக்கு விற்றவனுக்குப் பணம் கையில் வந்ததோடு கவலை தீர்ந்தது. வாடகைக்கு விட்டவனுக்கோ மாதா மாதம் பரீட்சை! பிடிக்கவில்லை என்றால் அடுத்த மாதமே ஆள் போய்விடுவான். அதனால் ஸாப்ட்வேர் எழுதுகிற இன்ஜினீயரும் வாடிக்கைக்காரர் சொல்லும் வசவைக் காது கொடுத்துக் கேட்டே ஆக வேண்டும்.

2011 ஜூனில் கடையைத் திறந்தார்கள். முதல் போணி எங்கிருந்து தெரியுமா? ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்திலுள்ள ஆட்வெல் காலேஜ் என்ற பள்ளிக்கூடம்! கீழ்க்கட்டளை எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. சரக்கைப் பார்த்தார்கள், பிடித்தது, பணம் கட்டினார்கள். அந்த வருஷமே மைக்ரோஸாப்ட் நடத்திய போட்டியில் 40,000 டாலர் பரிசு. வருஷக் கடைசியில் ஆக்செல் என்ற முதலீட்டு ஸ்தாபனம் பத்து லட்சம் டாலர் போட்டது. இதற்குள் பெரிய போட்டிக் கம்பெனியின் தலைவருக்குக் கோபம் வந்து, "இது எங்களைப் பார்த்து அடித்த நகல்" என்கிற தோரணையில் பகிரங்கமாகவே வைதுவிட்டார். சின்னக் கம்பெனிக்காரர்கள் பயந்து ஒதுங்கவில்லை. "நகலா இல்லையா, நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்" என்று இணையத்தில் ஒரு பக்கத்தைத் திறந்து, நடந்ததையெல்லாம் ஊரறிய வைத்தார்கள். பெரியவர் வைததால் சின்னவர் பெயர் பலருக்குத் தெரிந்தது. நம் ஊர்க் குழாயடியிலும் இதுதானே நடக்கிறது!

சின்ன இடத்தில் வேலை எப்படி இருக்கும் என்று எதிர்வீட்டு அம்மாள் கேட்டார். கொஞ்சம் நம் கூட்டுக் குடும்பம் போலத்தான். காலையில் எல்லோரும் நின்றபடியே கால் மணி நேரம் பேசுவார்கள்: நேற்று என்ன முடித்தாய், இன்று என்ன செய்யப் போகிறாய், எது தடுக்கிறது? ஸாப்ட்வேர் எழுதுகிறவரே அன்று மத்தியானம் வாடிக்கைக்காரருக்குப் பதிலும் எழுதுவார். புது அம்சம் ஒன்றை வெளியிடும் ராத்திரி, ரசத்தில் உப்புப் போட்டோமா இல்லையா என்ற சந்தேகம் மாதிரி எல்லோருக்கும் ஒரு படபடப்பு. அமெரிக்காவில் பகல் என்றால் நமக்கு ராத்திரி. ஆகவே யாராவது ஒருவர் கண் விழித்தே தீர வேண்டும். பெரிய கம்பெனியில் பெண்களை ராத்திரி வீடு கொண்டுபோய் விட வண்டிக்கு ஏற்பாடு இருக்கும். சின்னக் கம்பெனியில் அது உண்டா என்று முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது. கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று நம் பெண்கள் தயங்குகிறார்கள். தயங்கக் கூடாது.

அப்புறம் கம்பெனி வளர்கிறது. ஆறு அறுபதாகிறது, அறுபது அறுநூறாகிறது. ஒரே அறையில் சேர்ந்து தோசை தின்றவர்களுக்கு நடுவே மாடிகளும் அதிகாரிகளும் விதிகளும் வருகின்றன. முதலாளிக்கு எல்லோருடைய பெயரும் ஞாபகமிருந்த காலம் போய்விடுகிறது. ஆரம்பத்தில் வந்தவர்களுக்கு மனத்தில் ஒரு சிறு வலி. மூத்த மருமகளுக்கு இந்த வலி தெரியும்.

ஃபிரெஷ்டெஸ்க் 2017இல் ஃபிரெஷ்வொர்க்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. 2021 செப்டம்பர் 22ஆம் தேதி நியூயார்க்கின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் மணி அடித்தார்கள். அந்த முயற்சிக்கு உள்ளுக்குள் அவர்கள் வைத்திருந்த ரகசியப் பெயர் 'சூப்பர் ஸ்டார்'! கிரீஷ் ரஜினிகாந்தின் பரம ரசிகர். 36 டாலர் விலையில் வெளியிட்ட பங்கு அன்று சாயங்காலம் 47 டாலரைத் தாண்டி நின்றது. திரட்டிய தொகை 100 கோடி டாலருக்கு மேல். ஊழியர்களில் 500 பேருக்கு மேல் கோடீசுவரர்களாகிவிட்டார்கள் என்றும், அவர்களில் சுமார் 70 பேருக்கு 30 வயதுகூட ஆகவில்லை என்றும் அவர் சொன்னபோது தமிழ்நாடே வாயைப் பிளந்தது. தான் ஒருவன் பெரிய கார் வாங்குவதற்காக இந்தக் கம்பெனியைத் தொடங்கவில்லை, கூட வந்த எல்லோரும் வாங்க வேண்டும் என்பதற்காகத்தான் என்று அவர் சொல்வதுண்டு.

இந்த இடத்தில் எதிர்வீட்டு அம்மாளின் கண்கள் அகலமாயின. "அப்படியானால் இந்தக் காகிதத்திலும் பங்கு தருவதாகப் போட்டிருக்கிறதே!" என்றார்.

"பொறுங்கள்" என்றேன். நேயர்களும் பொறுக்க வேண்டும்.

அந்தப் பங்கு, பங்கே அல்ல. இன்று குறித்த மலிவு விலைக்குப் பின்னால் ஒரு நாள் பங்கு வாங்கிக்கொள்ளலாம் என்கிற உரிமை. தென்னங்கன்று நட்டுவிட்டு, காய்த்தால் உனக்கும் நாலு குலை என்று சொல்வது மாதிரி. அது கைக்கு வரச் சட்டப்படி குறைந்தது ஒரு வருஷம் ஆக வேண்டும். வழக்கத்தில் நாலு வருஷத்தில் தவணை தவணையாகத் தருவார்கள். நடுவில் வேலையை விட்டால் மிச்சம் போச்சு. கன்று பட்டுப்போனால், அதாவது கம்பெனி மூடினால், அந்தக் காகிதம் சுண்டல் கட்டத்தான் ஆகும். போதாக்குறைக்கு, பங்கை வாங்கும்போதே அன்றைய மதிப்புக்கும் கொடுத்த விலைக்கும் உள்ள வித்தியாசத்தைச் சம்பளமாகக் கணக்கிட்டு வருமான வரி உண்டு. விற்றுப் பணம் பார்க்கிற முன்பே வரி! 2020 முதல் தகுதி பெற்ற சில புதுக் கம்பெனிகளுக்கு மட்டும் இதைத் தள்ளிப்போடச் சலுகை இருக்கிறது.

நாஸ்டாக்கில் மணி அடித்த கம்பெனியின் கதையும் அதோடு நிற்கவில்லை. 47 டாலர் போன பங்கு அடுத்த வருஷமே 15 டாலருக்கும் கீழே இறங்கியது. முதல் நாளே விற்றவர் ஒரு வீடு வாங்கினார், இன்னும் ஏறும் என்று காத்திருந்தவர் கணக்கை வேறு மாதிரி போட வேண்டியதாயிற்று. பழைய வீடான ஜோஹோ 2020இல் அமெரிக்காவில் ரகசியத் தகவல்கள் சம்பந்தமாக ஒரு வழக்குப் போட்டது. மறு வருஷம் அது சமரசமாக முடிந்தது. 2024 நவம்பரில் ஊழியர்களில் 13 சதவிகிதம், சுமார் 660 பேர், வேலையை இழந்தார்கள். கிரீஷும் 2024 மே மாதம் தலைமை நிர்வாகி பதவியைவிட்டு விலகினார். 2025 டிசம்பரில் நிர்வாகக் குழுத் தலைமையிலிருந்தும் விலகிக்கொண்டார். வளர்ந்த கம்பெனி, பெற்றவருக்குமே ஒரு நாள் வேற்றிடமாகிவிடுகிறது.

"நல்லதும் சொல்கிறீர்கள், கெட்டதும் சொல்கிறீர்கள். நான் என்ன செய்ய?" என்றார் அம்மாள்.

பெண்ணையே அழைத்துவரச் சொன்னேன். வந்தாள். கெட்டிக்காரப் பெண்தான். பிராவிடண்ட் ஃபண்டு உண்டா என்று கேட்டேன். விழித்தாள். இருபது பேருக்குக் குறைந்த ஸ்தாபனத்துக்குச் சட்டம் அதைக் கட்டாயமாக்கவில்லை, பதினாலு பேர் கம்பெனி அதைக் கொடுக்காமலே இருந்துவிடலாம் என்றேன். பிரசவ லீவு அப்படியல்ல. பத்துப் பேர் இருந்தாலே சட்டம் வந்துவிடும். முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம், சம்பளத்துடன். 2017 முதல் இதுதான் அளவு.

"இன்னும் கல்யாணமே ஆகவில்லை, பிரசவத்துக்குப் போய்விட்டீர்களே!" என்று தாயார் சிரித்துவிட்டார். ஆனால் இரண்டையும் ஒரு சீட்டில் குறித்துக்கொண்டார். கையில் உள்ள பணத்தைக் கொண்டு கம்பெனி இன்னும் எத்தனை மாதம் சம்பளம் கொடுக்க முடியும் என்ற கேள்வியையும் சேர்த்து எழுதச் சொன்னேன். நல்ல முதலாளி இதற்குப் பதில் சொல்லுவார். கோபித்துக்கொண்டால் அதுவும் ஒரு பதில்தான்.

"நவல்பட்டிலேயே எல்காட் பூங்கா இருக்கிறதே, டவுன் பஸ்ஸில் போய்வரலாமே, அங்கே ஒன்றும் கிடைக்காதா?" என்று தாயார் கடைசியாக ஓர் அஸ்திரத்தை விட்டுப் பார்த்தார். ஜோஹோகூடத் தென்காசிப் பக்கத்து மத்தளம்பாறைக் கிராமத்தில் ஆபீஸ் நடத்துகிறதே, எல்லோரும் சென்னைக்குத்தான் ஓட வேண்டுமா என்பது அவர் வாதம். வாஸ்தவமான வாதம். எனக்கும் அந்த அபிப்பிராயம் உண்டு.

பெண் ஒன்றே ஒன்று சொன்னாள். "பெரிய கம்பெனியில் இரண்டு வருஷம் கழித்து நான் என்ன செய்துகொண்டிருப்பேன் என்று அங்கே யாருக்குமே தெரியவில்லை, மாமி. இங்கே போன வாரம் பேசப் போனபோது ஒரு வாடிக்கைக்காரரின் புகாரைக் காட்டி, நீயாக இருந்தால் என்ன செய்வாய் என்று கேட்டார்கள். இரண்டு மணி நேரம் உட்கார்ந்து செய்து காட்டினேன். மறுநாள் அதையே உள்ளே சேர்த்துவிட்டார்களாம்."

சீட்டில் எழுதிய கேள்விகளுக்கு நாலு நாளில் பதில் வந்தது. பிராவிடண்ட் ஃபண்டு இப்போதைக்கு இல்லை, இருபது பேர் ஆனதும் உண்டு. ராத்திரி வேலை மாதத்தில் ஒரு வாரம், வண்டி உண்டு. கையில் பதினொரு மாதச் சம்பளத்துக்குப் பணம் இருக்கிறது. பதினொன்றா என்று தாயார் பெருமூச்சு விட்டார். தகப்பனார் அரை நாள் பேசவில்லை. அப்புறம், "பதினொரு மாதம் என்று உள்ளதைச் சொன்னானே, போய்ப் பார்க்கட்டும்" என்றார். ஒரு வருஷத்துக்குள் சரிப்படாவிட்டால் வேறு உத்தியோகம் தேடுவது என்று நிபந்தனை. பெரிய கம்பெனிக்கு மரியாதையாகக் கடிதம் எழுதிவிட்டார்கள்.

மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ்ஸில் ராத்திரி ஏற்றிவிட்டு வந்தோம். முறுக்கு ஒரு டின், பருப்புப் பொடி ஒரு டின், எலுமிச்சை ஊறுகாய் ஒரு பாட்டில்.

மூன்றாம் நாள் காலை எதிர்வீட்டில் டெலிபோன் மணி அடித்தது. விடுதிச் சாம்பாரில் பருப்பே இல்லை என்று பெண் முறையிட்டது வாசல் வரை கேட்டது. தாயார் நிதானமாகக் கேட்டுக்கொண்டார்.

"சரி. புகார் நம்பர் 1, பதிவாகிவிட்டது" என்றார். "மேலே சொல்லு."